உடனே வெளியே வரவும்

மொத்தம் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள். உள்ளங்கை அகலம், சதுரம். அந்தப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு இருபத்தேழு வருடத்தில் நாலாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களைச் சினிமாவிலிருந்து பாதியில் எழுப்பி வெளியே வரவழைத்தவர் அவர். பேட்டை அவரைக் கண்ணாடிக்காரர் என்றது. கண்ணில் கண்ணாடி போட்டவரில்லை. எழுபத்தொரு வயதிலும் பேப்பரை வெறுங்கண்ணால் படித்துவிடுகிறார்.

பேட்டையின் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் மூன்று தியேட்டர்கள் இருந்தன. நாலு தூணும் நின்றுபோன ஒரு கடிகாரமுமாகப் பெரிய தியேட்டர். அதற்கு எதிரே புதுத் தியேட்டர். கட்டி முப்பது வருடம் ஆன பிறகும் அது புதுத் தியேட்டர்தான். மூன்றாவதை எல்லோரும் மூட்டைப்பூச்சி என்றார்கள், அதன் முதலாளி உட்பட. "மூட்டைப்பூச்சியில என்ன படம்?" என்று கேட்டால் அவரே முகம் சுளிக்காமல் படத்தின் பெயரைச் சொல்வார்.

பேட்டைக்கு நேரம் காட்டியதும் இந்த மூன்றும்தான். மேட்னி விட்டால் கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு மணி அடித்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொட வேண்டும். சலூன்காரர் கடையில் இரண்டு நாற்காலி: சண்டை நடிகரின் ரசிகர்களுக்கு ஜன்னலோரம், அழுகை நடிகரின் ரசிகர்களுக்குச் சுவரோரம். மாறி உட்கார்ந்தவன் காதுக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிட்டு வருகிறவன் தெருமுனைக்கு வருவதற்குள் வில்லன் யாரென்று சொல்லிவிடுவான் என்பதால், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நடப்பதும் உண்டு.

வீடுகளில் டெலிபோன் கிடையாது. தெரு முழுக்கத் தேடினால் நாலு தேறும். அதில் ஒன்று பெரிய தியேட்டர் ஆபீசில் இருந்தது. அதனால் படத்துக்குக் கிளம்புகிறவர்கள் வாசலில் நின்று மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போவது வழக்கமானது: எந்தத் தியேட்டர், எந்த ஆட்டம், எந்த வகுப்பு. அதற்குள் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யாராவது ஓடி வருவார்கள், இல்லையென்றால் போன் வரும். அதை எடுப்பவர் கண்ணாடிக்காரர். ஆபீஸ் குமாஸ்தா. இருபத்து நாலு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், சேர்ந்த மறுநாளே மேனேஜர் ஸ்லைடு எழுதும் வேலையையும் தலையில் கட்டினார்.

வேலை இதுதான். கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டினால் ஒரு பக்கம் முழுவதும் கரி படியும். அந்தக் கரியில் ஊசியால் எழுத வேண்டும். கீறிய இடம் மட்டும் வெளிச்சத்தை விடும். அதை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போய், ஸ்லைடு விளக்கில் செருக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் இடது மூலையில், நடிகையின் கால்மாட்டில், வெள்ளை எழுத்தில் பெயர் மின்னும். ஆள் எழுந்து வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிடுவார். அடுத்த பெயருக்கு அது தயார்.

முதல் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகிவிட்டார். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ், நாங்க என்ன வௌவாலா?"

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர், காரணத்தையும் சேர்த்து எழுதுகிற பழக்கமுள்ளவர். ஒருமுறை "உங்கள் தந்தை காலமானார்" என்று எழுதிப் போட்டாராம். ஆயிரம் பேர் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். மகன் எழுந்தான், நடைபாதையிலேயே விழுந்தான். அந்தக் கதையைக் கேட்ட அன்றே கண்ணாடிக்காரர் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பெயர், தெரு, அதற்குக் கீழே மூன்று வார்த்தை: உடனே வெளியே வரவும். காரணம் எழுதுவதில்லை. எழுதுவதில்லை என்பதோடு நிற்கவில்லை, தெரிந்துகொள்வதும் இல்லை என்று வைத்துக்கொண்டார். தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே வருகிறவர் முதலில் பார்ப்பது இவர் முகத்தைத்தான். அதனால் போன் செய்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்.

"என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லாதீங்க. யாரைக் கூப்பிடணும்னு மட்டும் சொல்லுங்க."

நாலைந்து வருடத்தில் பேட்டை முழுக்க இதற்குப் பழகிவிட்டது. சாவி தொலைந்தாலும் அதே மூன்று வார்த்தை, சாவு விழுந்தாலும் அதே மூன்று வார்த்தை. ஸ்லைடு போட்டுவிட்டு இறங்கி வந்து, ஆள் இருக்கும் வகுப்பின் கதவோரம் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்பார். அதுவும் எல்லோருக்கும் உண்டு. சாவி தொலைத்தவன் அதை வாங்கிக் குடித்துவிட்டு, "எதுக்கு சார் இப்படிப் பயமுறுத்துறீங்க?" என்பான்.

பயம் அவர்மேல் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. குழாயடிச் சண்டையில், "உன் பேரு திரையில வர!" என்று சபிப்பது வழக்கத்துக்கு வந்தது. கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தால் வரவேற்பார்கள், ஆனால் கடைசி வரிசைக்கு. டீக்கடையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "யாருக்கு சார்?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான்யா, ஒரு டீ" என்பார்.

ஆபரேட்டர் அறையில் படம் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஓட்டை உண்டு. ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதற்கு. கண்ணாடிக்காரர் அதன் வழியாக ஜனங்களைப் பார்த்தார். பார்த்தார் என்றால் முதுகைத்தான். அங்கிருந்து வேறெதுவும் தெரியாது. வருடக்கணக்கில் பார்த்ததில், முதுகை வைத்தே ஆள் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. தூங்குகிறவன் தோள் ஒரு பக்கம் இறங்கும். சண்டைக் காட்சியில் எல்லோர் கழுத்தும் முன்னால் வரும். சிரிக்கிற முதுகு குலுங்கும்.

ஒருநாள் ஒரு மெக்கானிக்கின் பெயர் வந்தது. திரையில் நகைச்சுவைக் காட்சி. ஆள் எழுந்து வந்தார், சிரித்துக்கொண்டே. கதவைத் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை. வெளியே நின்ற மச்சான் விஷயத்தைச் சொன்ன பிறகும், ஓரிரு நொடி, அதை முகத்திலிருந்து எடுக்க மறந்தவரைப் போல நின்றார். கண்ணாடிக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து, சிரிப்புக் காட்சி நடக்கும்போது ஸ்லைடு போடுவதில்லை என்று முடிவெடுத்தார். காட்சி முடியட்டும். இரண்டு நிமிடம். சில நாள் ஐந்து நிமிடம். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டையருகே நிற்பார்.

ஆபரேட்டருக்கு இது பிடிக்கவில்லை.

"கண்ணாடி, போடுய்யா. வெளியில ஆள் நிக்கிறான்ல?"

"இந்தக் காட்சி முடியட்டும். பாவம், சிரிச்சுட்டு இருக்கான்."

"நேரத்தை நீட்டுறதுக்கு நீ யாரு? படம் ஓட்டுற நானே ஒரு நொடி நீட்ட முடியாது."

"ரெண்டு நிமிஷத்துல என்ன குடி முழுகிடப் போகுது?"

அப்படித்தான் சொன்னார். அதுவரை எதுவும் முழுகியிருக்கவும் இல்லை.

அவர் மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைத்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் முகம் நினைவில்லை. வளர்த்தது அக்கா. பதினாலு வயது மூத்தவள், சலவைக் கடை வைத்திருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவி அக்கா என்று கூப்பிட்டதால் அவருக்கும் அக்கா. அக்காவுக்கு அவர் மாப்பிள்ளை. பேட்டையில் அவரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேலி செய்வாள்.

"மாப்பிள்ளை, என் பேரை உங்க கரிக் கண்ணாடியில ஏத்திடாதீங்க. நான் காசு குடுத்துப் படத்தை முழுசாப் பாக்குறவ."

"உங்களைக் கூப்பிட யாருக்கா வரப்போறா?"

"அதானே! கூப்பிட ஆள் இல்லாதவதான் நிம்மதியாப் படம் பாப்பா. எழுதி வச்சுக்கோங்க."

அவருக்கு நாற்பது வயதும் மனைவிக்கு முப்பத்தைந்துமாக இருக்கும்போது அக்கா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி, தெரிந்தே சில மாதம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு, ஜன்னலிலிருந்து நாலாவது கட்டில். மனைவி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தாள். பதினோரு நாள். தூக்கம் கட்டிலுக்குக் கீழே விரித்த பாயில். பக்கத்துக் கட்டிலில் தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சினேகமானாள், பூக்கடைக்காரி. மனைவி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் திரும்பும் நேரங்களில், ஏதாவது தேவைப்பட்டால் தியேட்டருக்குப் போன் செய்கிறவள் அவள்தான். அவளுக்கும் சட்டம் தெரியும். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை போன் வந்தது. "உங்க வீட்டம்மாவ உடனே அனுப்புங்க சார்." முதல் தடவை மருந்துச் சீட்டைக் காணோம் என்பதற்காக. இரண்டாம் தடவை, அக்கா தன் சீப்பைக் கேட்டாள் என்பதற்காக. இரண்டு தடவையும் மனைவி அலறி அடித்துக்கொண்டு ஓடினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா தங்கையை அருகில் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மத்தியானம் மனைவி தியேட்டர் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா படம் பாத்துட்டு வரச் சொன்னா."

"யாரை?"

"என்னைத்தான். போகலைன்னா மருந்து சாப்பிட மாட்டேன்கிறா."

ஓடிக்கொண்டிருந்தது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் படம். ஆறாவது வாரம். கண்ணாடிக்காரரே கூட்டிப்போய், பால்கனியில் மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக உட்கார வைத்தார். ஆபரேட்டர் அறை ஓட்டையிலிருந்து பார்த்தால் நேர் கீழே தெரியும் இடம்.

இரண்டரைக்குப் படம் போட்டார்கள். மூன்று ஐந்துக்குப் போன் வந்தது.

"சார், உங்க வீட்டம்மாவ உடனே அனுப்புங்க."

பூக்கடைக்காரியின் குரல். முந்தைய இரண்டு தடவை எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. என்ன விஷயம் என்று கேட்க வாயைத் திறந்தார். பதினாறு வருடமாக யாரையும் கேட்காத கேள்வி. அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

விளக்கைப் பற்ற வைத்தார். கண்ணாடியைப் புகையில் காட்டினார். மனைவியின் பெயரை எழுதினார், தங்கள் தெருவை எழுதினார், கீழே மூன்று வார்த்தையை எழுதினார். இருபத்திரண்டு படி ஏறினார்.

ஓட்டையில் கண்ணை வைத்தார். அரங்கமே சிரிப்பில் உருண்டுகொண்டிருந்தது. அவர் தேடியது ஒரே ஒரு முதுகை. மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். அது குலுங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி, தோள் இரண்டும் எம்பி எம்பிக் குலுங்கின. இத்தனை மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"யாருக்குய்யா?" என்றார் ஆபரேட்டர். பெயரைப் பார்த்தார். "போடு."

"இருங்க."

"கண்ணாடி, ஆஸ்பத்திரிலேருந்தா?"

"சீப்பா இருக்கும். போன தடவையும் சீப்புதான். இன்டர்வெல்ல போடுறேன். அதுவரைக்கும் அவ இருக்கட்டும்."

ஆபரேட்டர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பேட்டையே வாயாடி என்று சொல்கிற மனிதர்.

மூன்று ஐம்பதுக்கு, இன்டர்வெல் விளக்கு எரிவதற்குச் சற்று முன்னால், அவர் மனைவியின் பெயர் திரையின் இடது மூலையில் வந்தது. அவர் படியிறங்கி வந்து வழக்கம் போல் கதவோரம் நின்றார். அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். அவள் பார்த்தது அவர் கையை.

"தண்ணி எதுக்கு?" என்றாள்.

சைக்கிளில் பத்து நிமிடம். அவர்கள் போனபோது நாலாவது கட்டிலில் அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். பூக்கடைக்காரி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், உள்ளதைச் சொன்னாள்.

"மூணு மணிக்கே போன் பண்ணிட்டேனேம்மா. மூணு நாப்பது வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க. 'வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு. எங்கம்மா போயிருந்தே?"

மனைவி திரும்பிக் கணவரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

திட்டவில்லை. அழுது புரண்டு சண்டை போடவில்லை. காரியங்களெல்லாம் முடிந்ததும் கம்பெனிக்குப் போனாள், காலர் தைத்தாள், வந்து சமைத்தாள். "என்னங்க, உப்பு தீந்துபோச்சு" என்றாள். "என்னங்க, குழாய் ஒழுகுது" என்றாள். வீட்டில் இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா என்ற சொல்லே அவர் காதுபட வருவதில்லை. பேட்டையின் எந்தத் தியேட்டருக்குள்ளும் அவள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை.

ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். முதலில் வாரக் கணக்கில் காத்திருந்தார், பிறகு வருடக் கணக்கில். இன்று கேட்பாள். சரி, நாளைக்குக் கேட்பாள். ஏன் அப்படிச் செய்தீங்க என்று அவள் கேட்டால் சொல்வதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தார்: நீ சிரிச்சுட்டு இருந்தே. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம். அவள் கேட்கவில்லை.

வேலையில் ஒரே ஒரு மாற்றம். போன் வந்தால் ஓடினார். சிரிப்பானாலும் பாட்டானாலும் அடுத்த நொடி பெயர் திரையில் இருந்தது. படியில் இரண்டு தடவை விழுந்து முட்டி பெயர்ந்தது. ஆபரேட்டர் அதைப் பற்றி அவரைக் கிண்டல் செய்ததே இல்லை.

பிறகு எல்லோர் சட்டைப் பையிலும் போன் வந்தது. ஸ்லைடு எழுத வேண்டிய தேவை தீர்ந்தது. அவரை டிக்கெட் கிழிக்கும் வாசலுக்கு மாற்றினார்கள். மூட்டைப்பூச்சி முதலில் மூடியது. புதுத் தியேட்டர் கல்யாண மண்டபமாகி, அதற்குப் பிறகும் "புதுத் தியேட்டர்ல கல்யாணம்" என்றே பத்திரிகை கொடுத்தார்கள். பெரிய தியேட்டர் கடைசியாக மூடி, இப்போது குளியலறை ஓடுகள் அடுக்கும் கிடங்கு. ஆபரேட்டர் இறந்து ஏழு வருடம் ஆகிறது.

சென்ற மாதம் நகர நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பேட்டையின் மூன்று தியேட்டர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். டிக்கெட், சுவரொட்டி, நாற்காலி எல்லாம் சேர்த்திருந்தாள். சலூன்காரரின் மகன் சுவரோர நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டானாம்.

கண்ணாடிக்காரர் உற்சாகமாகப் பேசினார். கரி, ஊசி, இருபத்திரண்டு படி, வௌவால். அவள் ஒரு சின்னக் கருவியில் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மத்தியான வெயில் கூடத்தில் பாதி வரை வந்திருந்தது.

"ஒரு ஸ்லைடாவது இருக்குமா ஐயா? எங்க தேடியும் கிடைக்கல."

"எப்படிம்மா இருக்கும்? துடைச்சுத் துடைச்சு எழுதுறதுதானே. ஒண்ணு கூட இல்ல."

"இருக்கே," என்றாள் மனைவி, கீரையிலிருந்து தலை நிமிராமல். "அலமாரி மேல, ஃபியூஸ் வயர் டப்பாவுல."

கண்ணாடிக்காரர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அக்கா போன அன்று சாயங்காலம் பையில் போட்டுக் கொண்டுவந்த கண்ணாடி அது. கரி அழியாமல் இருக்க மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து, நாலு ஓரமும் கறுப்பு டேப் ஒட்டி, யாருக்கும் தெரியாமல் முப்பத்தொரு வருடம் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

மனைவியே எழுந்து, ஸ்டூல் போட்டு, டப்பாவை இறக்கினாள். நூலகப் பெண் கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பெயர் பளிச்சென்று தெரிந்தது. படித்துவிட்டு மனைவியைப் பார்த்தாள்.

"அம்மா, இது உங்க பேருதானே?"

"ஆமா. கீழ என்ன எழுதியிருக்கு, படி."

"உடனே வெளியே வரவும்."

"உடனேன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் மனைவி. இது கணவரிடம்.

நூலகப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத இடத்தில்தான் எதுவோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு, கருவியை அணைக்கக் கை நீட்டினாள்.

"ஓடட்டும்மா," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரரால் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். போன் வந்தது, எழுதியது, ஏறியது, நின்றது. நாற்பத்தைந்து நிமிடத்தையும் சொன்னார். கடைசியாக, தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்.

"அவ சிரிச்சுட்டு இருந்தாம்மா. மேலேருந்து பாத்தேன். மாசக் கணக்குல சிரிக்காதவ. அதைக் கலைக்க மனசு வரல."

"நான் சிரிக்கல."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அழுதுட்டு இருந்தேன். அதுக்குத்தான் அக்கா என்னை அனுப்பினதே. பதினோரு நாள் அவ முன்னாடி பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்ல, அவளுக்குத் தெரியாதா? 'போடி, போய் அழுதுட்டு வா. சோகப் படத்துக்குப் போகாதே, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நல்ல சிரிப்புப் படமாப் போ. அந்தச் சத்தத்துல நீ கத்தி அழுதாலும் எவனுக்கும் கேக்காது'ன்னா. அப்படித்தான் சொன்னா. சொல்லிட்டு அவ சிரிச்சா."

"குலுங்குச்சே..." என்றார் கண்ணாடிக்காரர். "முதுகு குலுங்குச்சு."

"அழுதாலும் குலுங்கும்."

தெருவில் ஒருவன் பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான்.

"நீ ஏன் என்னைக் கேக்கல?" என்றார் அவர். "ஏன் லேட்டாப் போட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இத்தனை வருஷம்..."

"நீங்க ஏன் என்னைக் கேக்கல? உள்ள உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? நீங்களா ஓட்டை வழியாப் பாத்தீங்க, நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. நாலாயிரம் பேரைக் கூப்பிட்டீங்களே, ஒருத்தர்கிட்டயாவது என்னன்னு கேட்டீங்களா?"

நூலகப் பெண் கண்ணாடியை மெதுவாக டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "இது வேண்டாம்மா. நீங்களே வச்சுக்கோங்க. நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்."

"எடுத்துட்டுப் போ," என்றாள் மனைவி. "அவர் ஒளிச்சு வச்சதைத் தூசி தட்டும்போதெல்லாம் எடுத்துப் பாத்து, திருப்பி வச்சு, எனக்கு அலுத்துப்போச்சு. ஆனா கீழ ஒரு அட்டை வைப்பீங்கல்ல?"

"வைப்போம்மா. என்ன பொருள், எந்த வருஷம்னு."

"அதுல ரெண்டு நேரமும் போடணும். போன் வந்த நேரம் ஒண்ணு. திரையில வந்த நேரம் ஒண்ணு. சும்மா பழைய காலத்துக் கண்ணாடின்னு போட்டீங்கன்னா, வந்து திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன்."

அந்தப் பெண் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். இதற்கு அவருடைய சம்மதமும் வேண்டுமல்லவா?

"மூணு அஞ்சு," என்றார் அவர். "மூணு அம்பது. எழுதிக்கம்மா."

அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி அக்காவைப் பற்றிப் பேசினாள். பெரிதாக ஒன்றுமில்லை. சலவைக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் சட்டையை அக்கா கருக்கிவிட்டு, அது வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்த கதை. கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த கதைதான். குறுக்கே பேசாமல் கேட்டார். கதையை முடித்துவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று அவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது.

அட்டையை அச்சடித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். நாலே வரி. இரண்டு நேரமும் இருந்தன. காரணம் எதுவும் எழுதவில்லை. மனைவி வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, சரி என்றாள்.

கண்காட்சி வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் திறக்கிறது. திறப்பு விழாவில் ஸ்லைடு எழுதுவது எப்படி என்று கண்ணாடிக்காரர் செய்து காட்ட வேண்டுமென்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். மனைவி திங்கட்கிழமை, கூட்டம் குறைந்த பிறகு, பூக்கடைக்காரியைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.